அம்பாசடருக்குப் பவர் ஸ்டியரிங் மாட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பவர் ஸ்டியரிங் (வீலைத் திருப்பும் கைக்கு மோட்டாரோ ஆயில் அழுத்தமோ துணை செய்யும் ஏற்பாடு) நல்ல விஷயம்தான், ஆனால் முன்பக்கம் தேய்ந்துபோன வண்டியில் அதை மாட்டுவது ஆபத்து.

அம்பாசடர் ஸ்டியரிங் ஏன் இவ்வளவு கனம்? அந்தக் காலத்திலும் இப்படித்தானா?

இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரீஸை வைத்துத்தான் அம்பாசடர் வந்தது, 1950களின் கடைசியில் உத்தரபாராவில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை தயாரானது. அதில் இருப்பது ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், அதாவது ஸ்டியரிங் ராடின் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம் (பினியன்) ஒரு பல் வெட்டிய தண்டை (ரேக்) இடவலமாகத் தள்ளிச் சக்கரங்களைத் திருப்பும். பெரிய வட்டமான ஸ்டியரிங் வீல், ஒல்லியான டயர், ஒழுங்காக கிரீஸ் அடித்த முன்பக்கம் என்று இருந்தவரை நகர ஆரம்பித்துவிட்டால் வண்டி சுலபமாகத்தான் திரும்பியது. நின்ற இடத்தில் ஒடிப்பதுதான் கஷ்டம், அதுவும் அந்தக் கால டிரைவர்கள் வண்டியைக் கொஞ்சம் உருட்டிக்கொண்டேதான் ஒடிப்பார்கள்.

இன்றைக்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்றால், அகலமான ரேடியல் டயர் போட்டிருக்கிறோம், அழகுக்காகச் சின்ன ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் வீல் மாட்டியிருக்கிறோம், முன்னால் ஏசி கம்ப்ரஸரைத் தொங்கவிட்டிருக்கிறோம், பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின்கூட வைத்திருக்கிறோம். இத்தனையும் கைக்குத்தான் வந்து சேரும். ஸ்டியரிங் வீலின் விட்டம் குறையக் குறைய அதே வேலைக்குக் கை அதிகம் இழுக்க வேண்டும், அதனால் சின்ன வீல் போட்டவர்கள் முதலில் பழைய வீலைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். காசே செலவில்லாத மாற்றம்.

மாட்டுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள்தான் அதிகம், கேட்க வேண்டியதும் இதுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, முன்பக்கம் இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம்). இப்போது ஸ்டியரிங்கை இரண்டு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகச் சுற்றுங்கள். தூக்கிய நிலையில் டயருக்கும் ரோட்டுக்கும் தொடர்பே இல்லை, அதனால் வீல் தண்ணீர் மாதிரி ஓட வேண்டும். அப்போதும் கனமாக இருந்தால் கோளாறு வண்டிக்குள் இருக்கிறது. மேலே லேசாகவும் தரையில் கனமாகவும் இருந்தால் டயர், காற்று, அலைன்மென்ட் பக்கம் பாருங்கள்.

மேலேயும் கனம் என்றால் இரண்டு பக்கமும் டை ராடு எண்டை (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) கழற்றிவிட்டு, ரேக்கைத் தனியாகவும் சக்கரங்களைத் தனியாகவும் கையால் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் சக்கரம்தான் இறுகியிருக்கும். பழைய வண்டிகளில் அங்கே மரை போட்ட டிரன்னியன் (சக்கரம் திரும்புவதற்கான மூட்டு) இருக்கும், அதற்கென்று கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சின்ன வாய்) உண்டு. நிப்பிள் வாய் மண் அடைத்துக் கிடக்கும், கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே வழியும், அடிக்கிறவரும் அடித்தாயிற்று என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, வண்டி தூக்கிய நிலையிலேயே ஸ்டியரிங்கை இங்கும் அங்கும் ஒடித்தபடி, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். கிரீஸ் காணாத டிரன்னியனில் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுகொள்ளும், சக்கரம் மடிந்து வண்டி உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட மரை மேல் மோட்டாரின் பலத்தையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரேக் இறுகியிருந்தால் இன்னொரு விஷயம். எந்த ரேக்காக இருந்தாலும் நேராக ஓடும் நேரம்தான் அதிகம் என்பதால் நடுப்பகுதிப் பல்தான் தேயும். ஆட்டம் இருக்கிறதென்று சொல்லி ஷிம்மை (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) எடுத்து நடுவில் இறுக்கிவிட்டால், தேயாத இரண்டு ஓரத்திலும் பிடித்துக்கொள்ளும். வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லையென்றால் இதையும் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட ரேக்கை மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்து, காற்றும் சரியாகப் பிடித்து, அலைன்மென்டும் பார்த்த பிறகு ஒரு வாரம் ஓட்டுங்கள். நிறைய பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். தோள்வலி உள்ளவர்கள், வயதான அப்பா தினமும் ஓட்டுகிற வீடு, பார்க்கிங் நெருக்கடியான தெரு என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எலக்ட்ரிக்கா, ஹைட்ராலிக்கா?

பழைய 1489 சிசி இன்ஜின் உள்ள வண்டிக்கு எலக்ட்ரிக் என்றுதான் சொல்வேன். ஹைட்ராலிக் என்றால் பம்ப் வேண்டும், பம்ப்பை ஓட்ட ஒரு புல்லி வேண்டும், அதைத் தாங்க இன்ஜினில் பிராக்கெட் வேண்டும், ஆயில் டப்பா, அழுத்தம் தாங்கும் ஹோஸ், அதற்கெல்லாம் மேலாகப் பவர் ஸ்டியரிங் ரேக்கே வேறு வேண்டும். அந்த இன்ஜினில் ஃபேன், டைனமோ, தண்ணீர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட்தான் ஓட்டுகிறது, ஏசியும் இருந்தால் புதிதாக ஒரு பெல்ட்டுக்கு இடம் தேடுவதே பெரும்பாடு. ஹோஸ் கசிந்தால் சூடான சைலன்சர் பைப் மேல் ஆயில் சொட்டும்.

எலக்ட்ரிக்கில் இதெல்லாம் கிடையாது. டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்டியரிங் ராடின் நடுவில் ஒரு மோட்டார் யூனிட், பேட்டரியிலிருந்து ஒரு தடித்த ஒயர், ஒரு கன்ட்ரோல் பெட்டி. பானெட்டைத் திறந்தால் வண்டி பழையபடியே தெரியும். நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிட்டு ஒரிஜினலைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், அதனால் கழற்றிய பழைய ராடை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஹைட்ராலிக்கில் ஸ்டியரிங் உணர்வு நன்றாக இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு, அது உண்மையும்கூட.

கம்பெனியிலேயே பவர் ஸ்டியரிங்கோடு அம்பாசடர் வந்ததே, அந்த ரேக்கைப் போட்டால் என்ன?

வந்தது, இசுசு இன்ஜின் போட்ட பிற்கால மாடல்களில். உங்களிடம் இருப்பதும் அதே இன்ஜின் உள்ள வண்டி என்றால் இதைவிட ஒழுங்கான வழி கிடையாது, ஏனென்றால் பம்ப் பிராக்கெட்டிலிருந்து ஹோஸ் வரை எல்லாமே அந்த வண்டிக்காகச் செய்தது. ஒரே செட்டாகக் கிடைத்தால் வாங்குங்கள். ரேக் மட்டும் கிடைக்கிறது, பம்ப்பை வேறு காரிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், பம்ப்பின் அழுத்தமும் ஓட்டமும் ரேக்கோடு பொருந்தாவிட்டால் ஒன்று சீறும், இல்லாவிட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். பழைய மாடலுக்குப் போடுவதென்றால் ரேக்கின் அகலம், டை ராடு நீளம் எல்லாம் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நீளம் பொருந்தாமல் போனால் சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் தானாக ஒடிக்கும்.

எலக்ட்ரிக் யூனிட் எப்படி வேலை செய்கிறது?

உள்ளே ஒரு மெல்லிய முறுக்குத் தண்டு இருக்கிறது. நீங்கள் வீலைத் திருப்பும்போது அது துளி முறுக்கிக்கொள்ளும், எவ்வளவு முறுக்கியது என்பதை ஒரு சென்சார் அளந்து கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி அந்தப் பக்கம் மோட்டாரைத் தள்ளச் சொல்லும். வண்டி வேகம் கூடக் கூட உதவி குறையும். இந்த மாதிரி எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் முதலில் வந்தது 1988இல், ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில். சின்னக் காருக்குப் பிறந்ததால்தான் இந்த யூனிட்டும் சின்னதாக இருக்கிறது, நம் டேஷ்போர்டுக்குக் கீழே ஒளிகிறது.

எந்தக் காரின் யூனிட்டை எடுப்பது?

நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது மாருதி யூனிட்கள்தான், வேகன் ஆர், ஸ்விஃப்ட் மாதிரி. அம்பாசடர் ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல், அதனால் மிகச் சின்னக் காரின் யூனிட்டை விடக் கொஞ்சம் பெரிய காரின் யூனிட் நல்லது. சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் காயலாங்கடையில் வாங்கும்போது மூன்று விஷயம். யூனிட்டும் அதனுடைய கன்ட்ரோல் பெட்டியும் ஒரே வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். பிளக்குகளை ஒட்ட வெட்டாமல் ஒரு முழமாவது ஒயர் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எந்த ஒயர் எதற்கென்று கண்டுபிடிப்பதற்குள் எலக்ட்ரீசியன் வெறுத்துவிடுவார். தண்டைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள், ஆட்டமோ கரகரப்போ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். முன்பக்கம் அடிபட்ட வண்டியிலிருந்து எடுத்ததென்றால் தண்டு நேராக இருக்கிறதா என்று லேத்தில் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

என் வண்டியில் டைனமோதான் இருக்கிறது. தாங்குமா?

தாங்காது. பழைய லூகாஸ் டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர், அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது. ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) அநேகமாக ஒன்றுமே வராது, நாம் வண்டியை ஒடித்து ஒடித்து பார்க்கிங் போடுவது ஐடிலிங்கில்தான். அந்த நேரத்தில் எலக்ட்ரிக் யூனிட் சில நொடிகளுக்கு 30, 40 ஆம்பியர் இழுக்கும், நேராக ஓடும்போதோ மிகக் கொஞ்சம்தான். ஆக ஆல்டர்னேட்டருக்கு (மெதுவாக ஓடும்போதும் கரண்ட் தரும் புது வகை ஜெனரேட்டர்) மாறியே ஆக வேண்டும், ஏசியும் இருந்தால் 65 ஆம்பியருக்குக் குறையாமல் பாருங்கள். சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் பல வருஷமாகச் செய்கிற சாமான்தான் இது, ஸ்பேர் கிடைப்பதும் கஷ்டமில்லை.

மிகப் பழைய வண்டி என்றால் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் ஆல்டர்னேட்டரையும் கன்ட்ரோல் பெட்டியையும் அப்படியே இணைத்தால் இரண்டும் அந்த நிமிஷமே போய்விடும், நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

யூனிட்டுக்கான தடித்த ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வரட்டும், பேட்டரி பக்கத்திலேயே அந்த யூனிட்டுக்குரிய அளவில் ஃபியூஸ் இருக்கட்டும். டேஷ்போர்டு அம்மீட்டர் வழியாக எடுக்கவே கூடாது. எர்த் ஒயரும் அதே தடிமன் வேண்டும், பெயின்டைச் சுரண்டி இரும்பைப் பார்த்து முறுக்க வேண்டும்.

வேக சிக்னல் என்கிறார்களே, அது இல்லாமல் ஓடாதா?

யூனிட்டைப் பொறுத்தது. சிலது சிக்னல் வராவிட்டால் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும், சிலது ஒரே அளவு உதவியைத் தந்துகொண்டிருக்கும். இரண்டாவதைப் பார்த்துவிட்டு "வேலை செய்யுதே, போதும்" என்று விட்டுவிடுகிறார்கள், அது தவறு. பார்க்கிங்குக்குத் தேவையான உதவி 80 கிலோமீட்டர் வேகத்திலும் வந்தால், பைபாஸில் ஒரு விரல் அசைவுக்கு வண்டி பக்கத்து லேனுக்குப் போகும். ஸ்பீடோமீட்டர் கேபிளோடு சேர்த்து மாட்டுகிற சென்சார் கிடைக்கிறது, கொஞ்சம் தேடினாலும் அதைப் போட்டுவிடுங்கள். அது முடியாதபோது, உதவியின் அளவை ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கிற பெட்டி வைத்து, குறைவான அளவிலேயே நிறுத்தி வையுங்கள்.

ஹேண்ட் கியர் வண்டி. கியர் ராடு இடிக்குமே?

இடிக்கும், இந்த வேலையில் நிஜமான தலைவலி இதுதான். கியர் போடும் ராடு ஸ்டியரிங் ராடை ஒட்டியே கீழே போகிறது, மோட்டாரோ ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும். யூனிட்டைச் சுற்றித் திருப்பி, மோட்டார் எந்தப் பக்கம் வந்தால் நான்கு கியரும் ரிவர்ஸும் தடையில்லாமல் விழுகிறதோ, பெடல் மிதிக்கும் கால் முட்டியிலும் இடிக்காதோ அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் பிராக்கெட் செய்யக் கொடுக்க வேண்டும். அட்டையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டால் இரும்பு வீணாகாது.

இடிக்கிறதென்று மோட்டாரை இன்ஜின் பக்கம் தள்ளி வைக்க வேண்டாம். காருக்குள் இருப்பதற்காகச் செய்த யூனிட் அது, தண்ணீரும் சூடும் அதற்கு ஆகாது. கையோடு ஃப்ளோர் கியருக்கு மாற்றிவிடலாம் என்பார்கள். என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம், முன்னால் மூன்று பேர் உட்காரும் அந்த நீளச் சீட்டும் ஹேண்ட் கியரும் போய்விட்டால் அப்புறம் அம்பாசடரில் என்ன இருக்கிறது.

ஸ்டியரிங் ராடை வெட்டி வெல்டிங் வைப்பது பாதுகாப்பா?

முனையோடு முனை வைத்து வெல்டிங் அடிப்பது கூடவே கூடாது. அந்த இடத்தில் விரிசல் விட்டால் வெளியே தெரியாது, ஓடும்போது விட்டுப்போனால் கையில் வெறும் வீல்தான் இருக்கும். பல் வெட்டிய தண்டு, அதற்குப் பொருந்தும் யூனிவர்சல் ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சுற்றைக் கடத்தும் மூட்டு), குறுக்கே போல்ட், லாக் நட் என்று இணைப்பதுதான் முறை. பழைய வீலை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அதன் நடுப் பல்லும் மாருதித் தண்டின் பல்லும் ஒத்துப்போகாது, ஸ்டியரிங் வேலை தெரிந்த மெஷின் ஷாப்பில் அடாப்டர் கடைந்து வாங்க வேண்டும். செலவு கூட ஆகும், பரவாயில்லை.

இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட் போட்டால் இரண்டின் கவையும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், மாறி நின்றால் ஒரு சுற்றுக்குள் ஸ்டியரிங் இரண்டு முறை கனத்து இரண்டு முறை லேசாகும், ரேக்கில் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மோட்டார் எவ்வளவு பலமாக ராடைத் திருப்புகிறதோ அவ்வளவு பலமாக அதன் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதனால் பிராக்கெட்டை டேஷ்போர்டுத் தகட்டில் முறுக்காமல் பாடியின் கெட்டியான இடத்தில் முறுக்குங்கள்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரே நீளமாக நெஞ்சை நோக்கி நிற்கும் பழைய ராடு, மோதலில் ஈட்டி மாதிரி உள்ளே வரக்கூடியது. ஜாயின்ட்களோடு கோணம் மாறி வரும் ராடில் அந்த ஆபத்து குறையும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது யூனிட் செத்துவிட்டால்?

ஸ்டியரிங் விட்டுப்போகாது, தண்டு நேராகச் சக்கரம் வரை இரும்பாலேயே இணைந்திருக்கிறது. ஆனால் நின்றுபோன மோட்டாரையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருப்பதால் முன்பைவிடக் கனமாக இருக்கும். மாட்டி முடித்த அன்றே ஒரு காலி மைதானத்தில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், வீட்டில் வண்டி எடுக்கிற ஒவ்வொருவரும் ஓட்டிப் பார்க்கட்டும்.

ஸ்டியரிங் சுற்று குறையுமா? சின்ன இடத்தில் திரும்புமா?

இரண்டும் மாறாது. பலம்தான் கூடும்.

ஆர்டிஓ, இன்ஷூரன்ஸில் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழ்) உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. ஸ்டியரிங் வகை ஆர்.சி.யில் எழுதும் விவரம் இல்லை, ஆனாலும் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட பாகம் என்பதால், வேலை ஆரம்பிக்கும் முன்னால் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள்.

15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது வண்டியைக் காட்டத்தானே போகிறோம். மத்திய மோட்டார் வாகன விதி 98இன்படி ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது, பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்கள் கழலாதபடி லாக் ஆகியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் 30 டிகிரி என்பதே தாராளம், அவ்வளவு ஆட்டம் உள்ள வண்டியை நான் ரோட்டில் எடுக்க மாட்டேன்.

50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் வின்டேஜ் பதிவு விதி வந்தது. அதற்குப் போக நினைப்பவர்கள் ஒரிஜினலாகவே விட்டுவிடுவது நல்லது.

பத்மினி, ஹெரால்டு, ஜீப்புக்கும் இதே முறைதானா?

பிரீமியர் பத்மினியில் ரேக் கிடையாது, அதற்குப் பதில் ஸ்டியரிங் பாக்ஸ் (பற்சக்கரப் பெட்டி). எலக்ட்ரிக் யூனிட் ராடில்தான் உட்காருகிறது என்பதால் முறை ஒன்றுதான், பாக்ஸின் ஆட்டத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தேவையே இல்லை, சென்னையில் செய்த அந்தக் குட்டி வண்டி இருக்கிற இடத்திலேயே வட்டமடிக்கும், ஸ்டியரிங்கும் லேசு. மஹிந்திரா ஜீப்புக்கு பொலேரோவின் ஹைட்ராலிக் பாக்ஸை மாட்டுவது ரொம்ப நாளாக நடக்கிற வேலை, பெரிய டயர் போட்டு மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு அதுதான் சரி.

மாட்டிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியதும், போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. அப்படி நகர்ந்ததைத் திரும்ப முறுக்கிவிட்டு மட்டும் போகக் கூடாது, ஏன் நகர்ந்தது என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் பிராக்கெட் வளைந்துகொடுத்திருக்கும். அப்புறம் கிரீஸ். ஸ்டியரிங் லேசாகிவிட்டதால் டிரன்னியன் காய்ந்தது இனிமேல் கைக்குத் தெரியாது, மோட்டார் மறைத்துவிடும். அதனால் கனமானால் அடிக்கலாம் என்று காத்திருக்காமல் இன்ஜின் ஆயில் மாற்றும்போதெல்லாம் முன்பக்கம் தூக்கி எல்லா நிப்பிளுக்கும் அடிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்திலேயே நின்று புதுக் கிரீஸ் வெளியே வருகிறதா என்று பாருங்கள்.